ஐம்பது லட்சம் கோடிக்கு ‘ஆம்’ வாங்குவது எப்படி?

நிதியமைச்சராகப் போகிறவர்களுக்கு ஒரு கைவிளக்கம்

முதலில் அல்வா கிண்டுங்கள். கிண்டலுக்குச் சொல்லவில்லை. பட்ஜெட்டுக்குச் சில நாள் முன்பு டெல்லியில் நிதியமைச்சகத்தில் பெரிய இரும்புச் சட்டியில் அல்வா கிண்டி, நிதியமைச்சரே கரண்டி பிடித்துப் பரிமாறுவது பல்லாண்டு வழக்கம். தின்று முடித்தபின் பட்ஜெட் வேலையில் இருக்கும் அதிகாரிகளுக்கு வீடு கிடையாது. உரை வாசித்து முடியும்வரை உள்ளேதான். கொரோனாவால் 2022இல் சட்டி ஏற்றாமல் இனிப்புப் பொட்டலம் கொடுத்தார்கள். மசோதா அந்த ஆண்டும் நிறைவேறியது. ஆகவே சட்டப்படி அல்வா கட்டாயமில்லை. தமிழ்நாட்டில் ‘அல்வா கொடுப்பது’ என்றால் என்ன அர்த்தம் என்பதை மட்டும் வடநாட்டு அதிகாரிகளிடம் சொல்லிவிடாதீர்கள்.

இந்தக் கைவிளக்கம் தமிழில் வருவதற்கு நியாயம் இருக்கிறது. நிதியமைச்சர் நாற்காலிக்கும் நமக்கும் பழைய பந்தம். சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை 1947 நவம்பர் 26 அன்று படித்தவர் கோயம்புத்தூர்க்காரர் ஆர்.கே. சண்முகம் செட்டியார். பிறகு டி.டி. கிருஷ்ணமாச்சாரி, சி. சுப்பிரமணியம், ஆர். வெங்கட்ராமன், ப. சிதம்பரம், நிர்மலா சீதாராமன் என்று வரிசை நீள்கிறது. அடுத்தது நீங்களாகவும் இருக்கலாம். அப்போது போய் யாரைக் கேட்பீர்கள்?

ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பட்ஜெட், பட்ஜெட் என்று ஊரே பேசுகிறதே, அந்தச் சொல் அரசமைப்புச் சட்டத்தில் எங்கும் இல்லை. 112ஆம் பிரிவு அதை ‘ஆண்டு நிதிநிலை அறிக்கை’ என்கிறது. அறிக்கை படித்தால் கைதட்டல் வரும், பணம் வராது. நாட்டின் தொகுப்பு நிதியிலிருந்து ஒரு காசு எடுக்க வேண்டுமானாலும் 114ஆம் பிரிவின்படி நிதி ஒதுக்கீட்டு மசோதா என்ற ஒன்று சட்டமாக வேண்டும். பிப்ரவரி 1ஆம் தேதி காலை 11 மணிக்கு ஊர் கூடிப் பார்ப்பது மாப்பிள்ளை அழைப்பு. தாலி கட்டுவது ஏறக்குறைய ஆறு, ஏழு வாரம் கழித்து, மார்ச் மாதத்தின் ஏதோ ஒரு மாலையில். அந்த மாலைக்கு யாரும் வராமல் பார்த்துக்கொள்வதுதான் உங்கள் வேலை. இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பற்றித்தான்.

எனவே உரையில் தாராளமாக இருங்கள். பழைய பாட்டு ஒன்றைச் சேர்ப்பது நல்லது. 2019இல் புறநானூற்றில் பிசிராந்தையார் பாண்டியனுக்குச் சொன்ன யானைக் கதை மக்களவையில் ஒலித்தது. நெல்லை அறுத்துக் கவளம் கவளமாகக் கொடுத்தால் யானைக்குப் பல நாள் வரும்; யானையை வயலுக்குள் விட்டால் வாயில் போவதைவிடக் காலில் மிதிபடுவது அதிகம். வரி வாங்குவதற்கு அருமையான உவமை. செலவழிப்பதற்கும் அதே யானையைச் சொல்லலாமே என்று கேட்காதீர்கள், வழக்கமில்லை.

வருமான வரிச் சேதியை உரையின் வாலில் வையுங்கள். 2025இல் ஆண்டுக்கு 12 லட்சம் வரை வருமானம் உள்ளவர்களுக்கு வரி இல்லை என்ற அறிவிப்பு கடைசியில்தான் வந்தது. அடுத்த ஒரு வாரம் தொலைக்காட்சியில், டீக்கடையில், அலுவலக லிப்டில் எல்லாம் அந்த 12 லட்சம்தான். அதே நாளில் மேசையில் வைக்கப்பட்ட செலவுத் திட்டம் 50.65 லட்சம் கோடி ரூபாய். அதைப் பற்றி உங்கள் மைத்துனர் உங்களிடம் ஏதாவது கேட்டாரா?

அந்த 50.65இல் 12.76 லட்சம் கோடி வட்டிக்கு. நாலில் ஒரு பங்கு. இதற்கு அவையின் ஓட்டே தேவையில்லை. கடன் வட்டி, குடியரசுத் தலைவரின் ஊதியம், உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் ஊதியம், தலைமைத் தணிக்கையரின் ஊதியம் எல்லாம் தொகுப்பு நிதியின் தலையிலேயே ஏற்றப்பட்ட செலவுகள். உறுப்பினர்கள் பேசலாம், வாக்களிக்க முடியாது. வீட்டுக்கு வந்த கடன்காரனைப் பற்றித் திண்ணையில் பேசலாமே தவிர, கொடுக்காமல் இருக்க முடியாது என்பதைப் போல. வேலையில் கால்வாசி குறைந்துவிட்டது பாருங்கள்.

மிச்சத்துக்குத்தான் மானியக் கோரிக்கைகள். அமைச்சகம் அமைச்சகமாக, துறை துறையாக, ஏறக்குறைய நூறு. பிப்ரவரி நடுவில் நாடாளுமன்றத்துக்குச் சுமார் மூன்று வாரம் விடுமுறை விட்டு, இந்தக் கோரிக்கைகளை 24 நிலைக்குழுக்களுக்கு அனுப்புவார்கள். குழுவுக்கு 31 பேர். இங்கே கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். குழு அறையில் கேமரா கிடையாது, கோஷம் கிடையாது. கட்சிக்காரன் பார்க்கிறானா, தலைவர் பார்க்கிறாரா என்ற கவலை இல்லாததால் உறுப்பினர்கள் உருப்படியான கேள்விகளைக் கேட்டுவிடுவார்கள். போன வருடம் ஒதுக்கியதில் பாதி ஏன் செலவாகவில்லை, அந்த ஆஸ்பத்திரிக் கட்டடம் ஏன் எழவில்லை என்று செயலாளரை உட்காரவைத்துக் கேட்கிற இடம் அது ஒன்றுதான். பொதுமக்கள் பணத்தைப் பற்றி நம் எம்.பி.க்கள் பேசுவதிலேயே சிறந்த பேச்சு அங்கேதான் நடக்கிறது என்பது என் எண்ணம். அதனாலேயே அது யாருக்கும் தெரிவதில்லை. உங்களுக்கு ஆறுதல், குழுவின் அறிக்கை வெறும் பரிந்துரை. ‘குறித்துக்கொள்ளப்பட்டது’ என்று பதில் எழுதினால் போதும்.

மார்ச்சில் அவை மறுபடி கூடும். நூறு கோரிக்கையையும் விவாதிக்க நேரம் எங்கே? அலுவல் ஆய்வுக் குழு உட்கார்ந்து நாலைந்து அமைச்சகங்களைப் பொறுக்கி எடுக்கும். அந்த நாலைந்துக்கு நாள்கணக்கில் பேச்சு. மற்றவை வரிசையில் நிற்கும்.

இப்போது எதிர்க்கட்சி ஆயுதத்தோடு வரும். பெயர் வெட்டுத் தீர்மானம். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். அதில் மூன்று ரகம். ஒன்று, உங்கள் கொள்கையே பிடிக்கவில்லை என்று சொல்ல, கோரிக்கைத் தொகையை ஒரு ரூபாயாகக் குறைக்கச் சொல்வது. பாதுகாப்புத் துறைக்கு ஒரு ரூபாய். இரண்டாவது, சிக்கனத்துக்காக இவ்வளவு தொகையைக் குறை என்று கணக்குச் சொல்வது. மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது: ஏதோ ஒரு குறையைச் சுட்டிக்காட்ட, கோரிக்கையிலிருந்து சரியாக நூறு ரூபாயைக் குறைக்கச் சொல்வது. லட்சக்கணக்கான கோடியில் நூறு ரூபாய். மாம்பலம் காய்கறிக் கடையில் ஒரு பைக்குக்கூடக் காணாது. ஆனால் விதி அப்படி. அந்த நூறு ரூபாயைப் பிடித்துக்கொண்டு ஓர் உறுப்பினர் தன் தொகுதியின் மூடப்பட்ட ரயில்வே கேட்டைப் பற்றிப் பேசலாம்.

இதை அலட்சியமாக நினைக்கவும் கூடாது. நூறு ரூபாய் வெட்டுத் தீர்மானம் ஜெயித்துவிட்டால் அரசின் மீது அவைக்கு நம்பிக்கை போய்விட்டது என்று பொருள். 2010 ஏப்ரல் 27 அன்று பெட்ரோல், டீசல் விலையை முன்வைத்து இடதுசாரிகளும் பா.ஜ.க.வும் மக்களவையில் வெட்டுத் தீர்மானம் கொண்டுவந்து வாக்கெடுப்புக் கேட்டார்கள். ஆதரவு 201, எதிர்ப்பு 289. மன்மோகன் சிங் அரசு தப்பியது. தப்பாமல் போனது ஜார்க்கண்ட் அரசு. பா.ஜ.க. தயவில் ராஞ்சியில் முதல்வராக இருந்த சிபு சோரன் டெல்லிக்கு வந்து மன்மோகன் அரசுக்கு வாக்களித்துவிட்டார். கோபத்தில் பா.ஜ.க. ஆதரவை விலக்க, மே மாதம் முடிவதற்குள் அவர் பதவி விலகினார். வெட்டு ஓரிடத்தில் விழ, காயம் வேறோரிடத்தில்.

எதிர்க்கட்சிக்காரர் பேனாக்கத்தியோடு வந்தால் நீங்கள் எதைக் கொண்டு எதிர்கொள்வது? கில்லட்டின். பிரெஞ்சுப் புரட்சியில் தலை வெட்டிய இயந்திரத்தின் பெயர். பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வழியாக நமக்கு வந்தது. இங்கே வெட்டப்படுவது விவாதம். கோரிக்கைகளுக்கு ஒதுக்கிய கடைசி நாளில், குறித்த மணி அடித்ததும், பேசிக்கொண்டிருப்பவர் பேச்சு நிற்கும். விவாதித்தது, விவாதிக்காதது, யாரும் பக்கம் புரட்டாதது என மிச்சமிருக்கும் கோரிக்கைகள் மொத்தமும் ஒரே மூச்சில் வாக்குக்கு வரும். மூன்று ரக வெட்டுத் தீர்மானங்களும் கூடவே உருளும். ஆம் என்போர்? ஆம். இல்லை என்போர்? ஏதோ சத்தம். ஆம் என்றவர்களே வென்றார்கள். முடிந்தது. அதே மாலை நிதி ஒதுக்கீட்டு மசோதாவை எடுத்து நீட்டுங்கள். அதன் தொகையில் ஒரு ரூபாய்கூட மாற்றும்படி திருத்தம் கொண்டுவர அரசமைப்புச் சட்டமே இடம் கொடுப்பதில்லை. அவை ஒரு தடவை கோரிக்கைக்குத் தலையாட்டிவிட்டால், அடுத்த தடவை கழுத்தைத் திருப்ப முடியாது.

கில்லட்டினுக்கு மிகவும் ஏற்ற தட்பவெப்பம் அமளி. புதிதாக வருகிற அமைச்சர்கள் அவையில் கூச்சல் எழுந்தால் பதறுகிறார்கள். பதறாதீர்கள். நடுப்பகுதியில் இறங்கிப் பதாகை பிடிக்கிறவர்கள் உங்கள் வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள். 2023இல் ஒரு பக்கம் அதானி விவகாரத்துக்குக் கூட்டுக்குழு கேட்டுக் கோஷம், மறுபக்கம் ராகுல் காந்தி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று கோஷம். மார்ச் 23 மாலை அந்த இரண்டு கோஷத்துக்கும் நடுவே சுமார் 45 லட்சம் கோடி ரூபாய் செலவுத் திட்டம் சில நிமிடங்களில் நிறைவேறியது. ஓர் அமைச்சகத்தின் கோரிக்கைகூட விவாதிக்கப்படவில்லை. அதற்கு ஐந்தாண்டு முன்பு, 2018 மார்ச் 14 அன்றும் இதே கதைதான். இரண்டு முறையும் எதிர்க்கட்சிகள் ‘ஜனநாயகப் படுகொலை’ என்றன. ஆளுங்கட்சி ‘அவர்கள்தான் அவையை நடக்கவிடவில்லை’ என்றது. இரண்டு பேர் சொன்னதும் உண்மை. உங்களுக்கு வேண்டியது அந்த மாதிரி உண்மைதான்.

மாநிலங்களவையைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். நிதி ஒதுக்கீட்டு மசோதா பணமசோதா வகை, அங்கே அது விருந்தாளி; 14 நாளுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும், அனுப்பாவிட்டாலும் நிறைவேறியதாகவே கணக்கு. ‘மாநிலங்களவை மசோதாவைத் திருப்பி அனுப்பியது’ என்று செய்தி வந்தால் ஊரில் அம்மா போன் செய்து அழக்கூடும். அது நிராகரிப்பு அல்ல, சம்மதம் என்று முன்னாலேயே சொல்லிவையுங்கள். இந்த ஏற்பாட்டை எழுதிவைத்தவர்களுக்கு நீங்கள் நன்றி சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவில் 1975இல் மேலவை செலவு மசோதாவை விடாமல் பிடித்துவைத்தது. நவம்பர் 11 அன்று கவர்னர் ஜெனரல் பிரதமர் காஃப் விட்லமையே வீட்டுக்கு அனுப்பினார். அமெரிக்காவில் நிலைமை இன்னும் வேடிக்கை. அங்கே பன்னிரண்டு செலவு மசோதாக்கள். அக்டோபர் 1க்குள் முடியாவிட்டால் அரசாங்கம் போய்விடாது, அலுவலகங்கள் பூட்டிக்கொள்ளும். 2018 டிசம்பரில் தொடங்கி 35 நாள் பூட்டினார்கள். 2025இல் 43 நாள். நம் ஊரில் மசோதா தோற்றால் அலுவலகம் திறந்திருக்கும், மந்திரிசபைதான் மூடும். ஆகவே நம் மந்திரிகள் மசோதாவைத் தோற்க விடுவதில்லை.

இத்தனை சுலபமாக இருந்தும் கோட்டை விட்டவர்கள் இருக்கிறார்கள். பஞ்சாபில் 1968 மார்ச்சில் பேரவைத் தலைவர் கோபித்துக்கொண்டு அவையை இரண்டு மாதத்துக்கு ஒத்திவைத்துவிட்டார். மார்ச் 31 தாண்டினால் சம்பளம் போடக் கஜானாவைத் தொட முடியாது. ஆளுநர் கூட்டத்தொடரை முடித்துவைத்து, அவசரச் சட்டம் போட்டு, மறுபடி அவையைக் கூட்டினார்; அமளிக்கு நடுவே துணைத் தலைவரை வைத்து மசோதாவை நிறைவேற்றினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் ‘செல்லும்’ என்று ஆனது. உத்தராகண்டில் 2016 மார்ச் 18 அன்று குரல் வாக்கெடுப்பில் நிதி ஒதுக்கீட்டு மசோதா நிறைவேறியதாகப் பேரவைத் தலைவர் அறிவித்தார். எழுபது பேர் அவையில் 35 பேர், ஆளுங்கட்சியிலிருந்தே ஒன்பது பேர் உட்பட, எண்ணிப் பாருங்கள் என்று எழுந்து நின்றார்கள். எண்ணவில்லை. ஒன்பது நாளில் குடியரசுத் தலைவர் ஆட்சி. பிறகு நீதிமன்றம், மே மாதத்தில் நம்பிக்கை வாக்கெடுப்பு, ஹரீஷ் ராவத் மறுபடி முதல்வர். பாடம் இதுதான்: குரல் வாக்கெடுப்புக்கு முன்னால் சொந்தக் கட்சிக்காரர்களின் குரலைத் தனியாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கொறடா என்று ஒருவர் இருப்பதே அதற்குத்தான்.

டெல்லி முறை வேண்டாம், கொஞ்சம் கௌரவமாகச் செய்ய வேண்டும் என்று நினைப்பவர்கள் சென்னைக்கு வாருங்கள். புனித ஜார்ஜ் கோட்டையில் கில்லட்டினுக்கு அவ்வளவு மவுசு இல்லை. ஐம்பதுக்கும் மேற்பட்ட மானியக் கோரிக்கைகளை நாள் குறித்து, வாரக்கணக்கில், துறை வாரியாக விவாதிப்பார்கள். ஒவ்வொரு துறைக்கும் வழவழ அட்டையில் கொள்கை விளக்கக் குறிப்பு வரும். ஆளுங்கட்சி உறுப்பினர் எழுந்தால் முதலில் தலைவருக்கு வணக்கம், தலைவரை ஈன்ற தலைவருக்கு வணக்கம், பேச வாய்ப்பளித்தவருக்கு, வாக்களித்த பெருமக்களுக்கு, அடுக்குமொழியில் ஒரு கவிதை. மணி அடிக்கும்போது ‘என் தொகுதியில் பேருந்து நிலையம் அமைக்க அரசு ஆவன செய்யுமா?’. அமைச்சர் எழுந்து ‘நிதி நிலைமைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்’. மாண்புமிகு உறுப்பினர் மனநிறைவோடு உட்காருவார். எதிர்க்கட்சிக்காரர் பேசினால் குறுக்கீடு, பதில் குறுக்கீடு, அவைக்குறிப்பிலிருந்து நீக்கம், கடைசியில் வெளிநடப்பு. வெளியே வாசலில் மைக்குகள் தயாராக நிற்கும்.

பதிலுரையின் இறுதியில் அமைச்சர் புதிய அறிவிப்புகளை அடுக்குவார். மேசை தட்டும் ஓசையில் கோரிக்கைத் தொகை எவ்வளவு என்பது காதில் விழாது. அப்புறம் அந்த அழகான வாக்கியம்: வெட்டுத் தீர்மானங்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டு மானியக் கோரிக்கையை நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொண்டு அமைகிறேன். நிறைவேற்றித் தருவார்கள். இன்னும் பெரிய அறிவிப்பாக இருந்தால் முதல்வர் 110ஆம் விதியின் கீழ் படிப்பார். அதன்மேல் விவாதமே கிடையாது. டெல்லியில் யாரும் பேசாமல் நிறைவேறுகிறது, சென்னையில் எல்லோரும் பேசி நிறைவேறுகிறது. எந்த முறை நல்லது என்று என்னைக் கேட்டால், பேச்சுக்கு நேரம் விடுகிற சென்னை முறைக்குத்தான் என் ஓட்டு. அடுக்குமொழிக்கு நடுவில் சில சமயம் பள்ளிக்கூடத்துக் கழிவறையைப் பற்றி யாராவது ஒருவர் உண்மையாகவே கேட்டுவிடுகிறார்.

தேர்தல் ஆண்டு என்றால் முழு மசோதா வேண்டாம். அண்ணாச்சி கடையில் கணக்கு வைத்து மளிகை வாங்குவதுபோல, சில மாதச் செலவுக்கு மட்டும் முன்பண மானியம் வாங்கிக்கொண்டு மக்களிடம் போய்விடுங்கள். 2019இலும் 2024இலும் அப்படித்தான். 2024இல் முழு பட்ஜெட் ஜூலை 23 அன்றுதான் வந்தது. கணக்குத் தப்பிப்போய்ப் பணம் பற்றாமல் போனாலும் பயமில்லை. துணை மானியக் கோரிக்கை என்று ஒன்று இருக்கிறது. மழைக்காலத்தில் ஒரு தவணை, குளிர்காலத்தில் ஒரு தவணை, பட்ஜெட் சமயத்தில் ஒரு தவணை என்று ஆண்டு முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

கடைசியாக ஒன்று. கஷ்டப்பட்டு வாங்கிய பணத்தை மார்ச் 31க்குள் செலவழியுங்கள். இல்லாவிட்டால் லேப்ஸ் ஆகிவிடும். அதனால்தான் ஜூன் மாதம் மழையில் கரைந்த சாலைக்கு மார்ச் மூன்றாம் வாரம் தார் வருகிறது. ஆண்டுச் செலவில் மார்ச் மாதத்தின் பங்கு 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று மத்திய அமைச்சகங்களுக்கு நிதியமைச்சகத்தின் உத்தரவே இருக்கிறது. நீங்கள்தான் நிதியமைச்சர், அந்த உத்தரவைப் போட்டது நீங்கள்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு தாண்டுங்கள்.

இத்தனைக்கும் பிறகு தலைமைத் தணிக்கையர் எல்லாவற்றையும் எண்ணுவார். ஒதுக்கியது எவ்வளவு, எடுத்தது எவ்வளவு, எடுக்காமல் கிடந்தது எவ்வளவு, கேட்காமலேயே எடுத்தது எவ்வளவு என்று துறை துறையாக எழுதி அறிக்கை தருவார். அது அவையின் மேசைக்கு வருவது பெரும்பாலும் கூட்டத்தொடரின் கடைசி நாளில். அன்று சாயங்கால விமானத்துக்கு உறுப்பினர்கள் எல்லோரும் டிக்கெட் போட்டிருப்பார்கள்.